அசோகவனத்துத் துயரும் மூவர் வாக்கும்

நாமகிரியில் குடைவரைக் கோயில் கொண்டெழுந்தருளியுள்ள ஸ்ரீ நரஸிம்ஹனை நோக்கி, மேற்கூரையற்ற வெட்டவெளியில், 18 அடி உயரத் திருமேனியுடன் கைகூப்பி நிற்கிறார் சிறிய திருவடியாம் ஆஞ்சநேயர். அசைவற்ற இத்திருக்கோலத்தை ஸேவிப்போர், இவரும் ஒருகால் மனங்கலங்கி உயிர்விட நினைத்தவர் என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது.

ஆதிகவி வால்மீகி ஸுந்தர காண்டத்தின் 13-ஆம் ஸர்க்கத்தில் இதனை விரித்துரைக்கிறார். இலங்கையெங்கும் தேடியும் பிராட்டியைக் காணாத திருவடி, 'வறிதே மீண்டால் ஸ்ரீராமன் உயிர் தரியான். இளையவனும், பரதனும், சுக்ரீவனும் அவ்வழியே மாய்வர்' என்று அடுக்கடுக்காக எண்ணித் தாமும் தீயிற்புக நினைக்கிறார். முடிவில், மாய்வதில் தீமைகளே பல என்றும், உயிரோடிருப்பவனே நன்மை காண்பான் என்றும் தெளிகிறார். பின்னர்ப் பிராட்டி உயிர்விடத் துணிந்தபோதும் அவர் பதறவில்லை. எம்மொழியிற் பேசினால் அவள் அஞ்சாள் என ஆராய்ந்து, மரத்தில் மறைந்தவாறே இராமகதையை இனிமையாகச் சொல்லத் தொடங்குகிறார்.

கம்பநாட்டாழ்வார் கொண்ட வழி வேறு. மாதவிப் பொதும்பரிற் பிராட்டி உயிர்விட முற்பட்ட அக்கணமே திருவடி தொழுது தோன்றி, இராமதூதன் என அறிவிக்கிறார். கணையாழி பெற்ற பிராட்டியின் உள்ளத்தையும் செயலாலேயே காட்டுகிறார் கம்பர். அவள் அதனை மார்பில் வைக்கிறாள், சிரத்தில் தாங்குகிறாள், கண்களில் ஒற்றிக்கொள்கிறாள்.

பெரியாழ்வாரோ மூன்றாம் பத்தின் 10-ஆம் திருமொழியில் துயரை விரித்திலர். வில்லிறுத்தது, மல்லிகை மாலையாற் கட்டியது என இருவர் வாழ்வில் நிகழ்ந்தவற்றை அடையாளங்களாகத் திருவடி விண்ணப்பிக்க, ஐயம் நீங்கிய பிராட்டி மோதிரத்தை உச்சிமேல் வைத்து மகிழ்வதோடு நிறுத்துகிறார்.

ஆக, கலக்கத்தை வால்மீகி சிந்தனையில் வைத்தார். கம்பர் செயலில் வைத்தார். ஆழ்வார் அது தீர்ந்த இடத்தில் வைத்தார்.

இன்னுமொன்று உண்டு. வால்மீகியின் 34-ஆம் ஸர்க்கத்தில், உயிரோடிருப்பவனை நூறாண்டு கழிந்தேனும் இன்பம் வந்தடையும் என்னும் உலகமொழி மெய்யே எனப் பிராட்டி கூறுகிறாள். திருவடி தனிமையில் தெளிந்ததும் இதுவே. ஆறுதல் தேடியவளும் ஆறுதல் கொணர்ந்தவரும் ஒரே முடிவிற்கு வந்தனர்.

இத்திருவிழாவிற்கு நெஞ்சிற் சுமையோடு வரும் அன்பர்கள் உண்டு. கலங்குதல் குற்றமன்று, கலக்கத்தில் உயிரை விடுதலே தகாது. அருகில் ஒருவர் கலங்கி நிற்கக் கண்டால், அவர் அஞ்சாவண்ணம் இன்சொல் கூறித் தேற்றுதலே திருவடி காட்டிய கைங்கர்யமாகும்.