பழைய வண்டிகளின் கியர்க் கோலைச் சீர்செய்தல்

பொகவந்தலாவையின் மலைப்பாதைகளில் மரக்கறி மூட்டைகளுடன் இறங்கும் பழைய வண்டியில் இரண்டாம் கியர் தானே விலகுமாயின், எஞ்சினின் தடை அற்றுப்போகும். பாரம் முழுவதையும் தாங்கும் பிரேக் சூடேறித் திறனிழக்கும்.

1956இல் வெளிவந்த மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் தொடரிலும், அதன் வழிவந்த இந்திய அம்பாசடரின் பழைய வண்டிகளிலும் கியர்க் கைப்பிடி ஸ்டியரிங் தண்டின் பக்கத்தே உள்ளது. அதன் அசைவை இணைப்புகளே கியர்ப் பெட்டிக்குக் கொண்டுசெல்கின்றன. மூட்டுகளின் புஷ்கள் தேய்ந்தால், கைப்பிடி முழுதும் நகர்ந்தாலும் பெட்டியினுள் பற்கள் பாதியே பொருந்தும்.

ஆதலின் முதலிற் புஷ்களைப் பார்த்தல் வேண்டும். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு சுரையைத் திருகுவது வீண்வேலை. பின்னர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, கைப்பிடியையும் பெட்டியையும் நடுநிலைக்குக் கொண்டுவருக. புரியுள்ள கோலின் ஒரு முனையைக் கழற்றி, பூட்டுச்சுரையைத் தளர்த்தி, வலிந்து இழுக்காமலே முனை தன் துளையிற் பொருந்தும்வரை நீளத்தைத் திருத்துக. அதன்பின் சுரையை இறுக்கி, மூட்டுகளுக்குக் கிறீஸ் இடுக.

கட்டைகளை எடுக்காமலே எஞ்சினை இயக்கி, கிளச்சை முழுதும் மிதித்து, எல்லாக் கியர்களையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். இதன்பின்னும் ஓட்டத்தில் கியர் விலகுமாயின் கோளாறு பெட்டியினுள் உளது. அது திருத்தப்படும்வரை அவ்வண்டியை இறக்கத்தில் விடலாகாது.