கசவும் மின்னணும், முகமும் தெரியணும்!

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் விஷு, ஓணம் வந்தால் குடும்பப் படம் எடுக்காத வீடு உண்டா? கையிலிருக்கும் செல்போனே போதும், ஸ்டுடியோச் செலவு மிச்சம்.

1. சாப்பிட்டு முடித்து எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீங்க. நம்ம ஊரில் ஏப்ரல் 11, 12 வாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேரே தலைக்கு மேல் நிற்கும். விஷுவும் அநேகமாக ஓணமும் அதை ஒட்டித்தான் வரும். கண்குழியில் கறுப்பு விழுந்து, புதுப்பெண்கூட ஒரு வாரம் தூங்காதவள் மாதிரி தெரிவாள். காலை 9 மணிக்குள் முடியுங்க, இல்லையென்றால் மாலை 4 மணிக்குமேல்.

2. பந்திக்குப் பிறகுதான் எல்லோரும் கிடைப்பாங்க என்றால் திண்ணை இருக்கவே இருக்கு. கூரை நிழலுக்குள் ஓரடி தள்ளி, முற்றத்தைப் பார்த்து நிறுத்துங்க. செம்மண் முற்றம் முகத்திலும் சிவப்பு ஏற்றும். காலடிக்கு முன்னால் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தால் அதுவும் போகும், தாடை நிழலும் கரையும். டிவி வந்த பெட்டியின் தெர்மாகோலைப் பத்திரப்படுத்தியவங்களுக்கு வேட்டி துவைக்கிற வேலையும் இல்லை.

3. பாலராமபுரம் கசவுதான் பெரிய சோதனை. என் தங்கை கல்யாணத்தில் பின்னால் இருண்ட தென்னந்தோப்பு. கேமரா தோப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிட, புடவை வெறும் வெள்ளைத்தாள் ஆகிப்போச்சு, பொன்னிழை ஒன்றுகூடத் தெரியலை. திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கரைச் சரிகை தெளியும்வரை மெல்லக் கீழே இழுங்க. ஏழெட்டுப் பேர் வெள்ளை உடுத்து நெருங்கி நின்றால் நேர்மாறு: போன் மிரண்டு இருட்டாக்கும், குறியை மேலே தள்ளணும்.

4. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் நின்றால் முகத்தில் பச்சை பூசும். தோட்டத்து ஓரம் போதும். மரம் பின்னால், வானம் முன்னால்.

5. கையை எங்கே வைப்பது என்று தவிக்கிறவங்க கையில் வேலை கொடுங்க: பூக்கூடை, முந்தானை நுனி, பேத்தியின் விரல். உடம்பைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பி, பாரத்தை ஒரு காலில் ஊன்றச் சொன்னால் விறைப்புப் போய்விடும். “சிரி, சிரி” என்றால் தாத்தா சிரிக்கவே மாட்டார்; பாயசம் எத்தனை தம்ளர் ஆச்சு என்று கேட்டுப் பாருங்க.

6. செங்கல் மகேஸ்வரம் கோவிலின் 111 அடி சிவலிங்கம் முழுதாய் விழணும் என்று ஆளை அதன் அடியில் நிறுத்தினால் எறும்புதான் தெரியும். ஆளை உங்க பக்கம் நாலடி தூரத்துக்குக் கூட்டி வாங்க, லிங்கம் பின்னால் தள்ளியே இருக்கட்டும். நீங்க முட்டி போட்டு எடுங்க, ஆளைப் படத்தின் ஓரத்துக்கு விடாதீங்க. ஓரத்தில் நிற்கிற முகம் இழுபட்டுப் போகும்.

7. பூவாறு, பொழியூர் கடற்கரையில் உப்புக்காற்று லென்ஸில் படிந்து படமே புகை மூட்டமாகும். பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும், பத்துப் படத்துக்கு ஒருமுறை துடைங்க. சூரியன் முதுகுப் பக்கம் இறங்கும்போது பகல் என்று பார்க்காமல் ஃபிளாஷைப் போடுங்க.

8. இடவப்பாதி மழை மூடிய வானத்தைப் பார்த்துச் சலிச்சுக்காதீங்க, முகத்துக்கு அதைவிட இதமான வெளிச்சம் கிடையாது. வெளுத்த வானத்தை மட்டும் படத்தில் சேர்க்காமல் வாழைத்தோப்பைப் பின்னால் வையுங்க.