நிரூபித்த பூட்டில் ஓட்டை வந்தது எப்படி?

டபிள்யூபிஏ2 முறையில் வை-பை இணைப்புக்கான சாவியை உருவாக்க, ரூட்டரும் கம்ப்யூட்டரும் நான்கு செய்திகளைப் பரிமாறிக் கொள்கின்றன. இது பாதுகாப்பானது என்று 2005-ல் கணித முறைப்படி நிரூபித்தார்கள். ஆனால் 2017-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹூஃப் இதில் ஓட்டையைக் காட்டினார். அப்படியானால் நிரூபணம் தவறா என்று நானும் குழம்பினேன். தவறில்லை.

நான்காம் செய்தியை எதிரி தடுத்தால், ரூட்டர் மூன்றாம் செய்தியை மீண்டும் அனுப்பும். உடனே கம்ப்யூட்டர் அதே சாவியை மறுபடி பொருத்தி, பாக்கெட் எண்ணைத் தொடக்கத்திலிருந்து எண்ணும். ஒரே சாவியுடன் ஒரே எண் இருமுறை வந்தால் என்கிரிப்ஷன் பலவீனமாகிவிடும். சாவியை எப்போது பொருத்துவது என்பது அந்தக் கணித மாதிரியில் இல்லை. மாதிரியில் இல்லாததற்கு நிரூபணம் பொறுப்பாகாது.

இதற்குப் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. கம்ப்யூட்டர், செல்போன், ரூட்டர் மூன்றையும் அப்டேட் செய்யுங்கள்.