வீட்டு சி.என்.சி. ரவுட்டருக்குக் கேன்ட்ரி அமைப்போர் கவனத்திற்கு

பலகையிற் செதுக்கிய கோலம் மூலைதோறும் அலையலையாய் நடுங்கித் தோன்றுமாயின், தோஷம் பெரும்பாலும் மோட்டாரினதன்று. அதைச் சுமக்கும் குறுக்குப் பாலமாகிய கேன்ட்ரியினதே.

1. புறக்கோட்டையிலோ கொட்டாஞ்சேனையிலோ சட்டம் வாங்கச் செல்வோர், மலிவென்று திறந்த சனலை நாடாது, நான்கு பக்கமும் மூடிய அலுமினியப் பெட்டிக் குழாயையே, அதுவும் உயரம் மிக்கதாய்ப் பார்த்து, வாங்குக. மூடிய வடிவமே முறுக்கத்தை எதிர்த்து நிற்கும்.

2. பிட்டின் முனை, கேன்ட்ரியின் முன்பின் பேரிங்குகளுக்கு நடுவே விழுமாறு கால்களைப் பின்சாய்த்து அமைத்திடுக. வெளியே நீண்டால் ஒவ்வொரு வெட்டும் பாலத்தைக் கவிழ்க்க முயலும்.

3. அகன்ற பாலமாயின் அதை நகர்த்தும் திருகை இருபுறமும் பூட்டுக. ஒருபுறம் மட்டும் இழுத்தால் மறுபுறம் பின்தங்கும்.

4. வெள்ளவத்தைக் கடலோரத்தார் எம்.டி.எஃப். பலகையைத் தவிர்த்திடுக, ஈரத்தில் ஊதும். உப்புக்காற்றுக்கு உருக்குத் தண்டுகள் துருவேறுமாதலால் எண்ணெய் பூசுதலும் அவசியம்.

பூட்டி முடித்தபின் பிட்டின் முனையைக் கையால் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய அசையுமாயின், பாலத்தையே முதலில் வலுப்படுத்துங்கள்; பெரிய மோட்டாருக்குப் பணம் விரயஞ்செய்ய வேண்டாம்.