மின்னல் வெளிச்சத்தில் மூலக்கூறு

சுங்கை பஞ்சாங்கில் எங்கள் வீட்டுப் பின்புறம் தென்னையும் செம்பனையும்தான். போன விடுமுறையில், மழை பெய்த ஓர் இரவில் மின்சாரம் தடைபட்டது. படிவம் ஆறில் வேதியியல் படிக்கும் தம்பி கேட்டான்:

"அண்ணே, மூலக்கூறு உடையுறதை யாராச்சும் பார்த்திருக்காங்களா? புத்தகத்துல முன்னால ஒன்னு, பின்னால ஒன்னு. நடுவுல வெறும் அம்புக்குறிதானே!"

வேதியியலையே விட்டுவிடலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்த நேரம். ஆங்கிலத்தில் தேர்வெழுதிய எனக்குத் தமிழில் வாய் வரவில்லை. அப்போது மின்னல் வெட்டியது. காற்றில் ஆடிய தென்னை மட்டைகள் அப்படியே உறைந்து நின்றதுபோல் தெரிந்தன. மட்டை நிற்கவில்லை; அது நகருமுன் வெளிச்சம் வந்து போய்விட்டது. பாடம் அங்கேயே கிடைத்துவிட்டது.

மூலக்கூறின் அசைவுக்கு இந்த மின்னல் போதாது. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூறை மீண்டும் பத்து லட்சமாக வகுத்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி. அதற்குள் ஒளியே தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட நகராது. அவ்வளவு குறுகிய லேசர் துடிப்புகளைக் கொண்டு, அமெரிக்காவின் கால்டெக்கில் அகமது செவாயில் குழுவினர் 1987இல் அயோடின் சயனைடு பிரிவதைத் தொடர்ந்து கண்டனர். ஏறத்தாழ 200 ஃபெம்டோ நொடியில் பிணைப்பு அறுந்தது. 1999இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

"அவ்வளவு வேகமா யாருண்ணே பொத்தானை அழுத்துறது?"

நல்ல கேள்வி. யாரும் அழுத்துவதில்லை. ஒரே துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவது மூலக்கூறைத் தட்டி எழுப்பும். இரண்டாவது பின்னால் வந்து நிலைமையைப் பார்க்கும். இரண்டாவதன் பாதையிலுள்ள கண்ணாடியை ஒரு மைக்ரோமீட்டர் பின்னுக்குத் தள்ளினால், ஒளி போய்த் திரும்ப இரண்டு மைக்ரோமீட்டர் கூடுகிறது. தாமதம் சுமார் 6.7 ஃபெம்டோ நொடி. நேரத்தைத் தூரத்தால் அளக்கும் தந்திரம் இது! தாமதத்தை மாற்றி மாற்றிப் பலமுறை செய்து, கிடைத்தவற்றைக் கோத்துப் பார்க்கிறார்கள். நானும் முதலில் இதை நிழற்படம் என்றே நினைத்திருந்தேன். படமல்ல, ஒளி எவ்வளவு உட்கவரப்பட்டது, எவ்வளவு உமிழப்பட்டது என்ற கணக்கிலிருந்து அசைவை ஊகிக்கிறார்கள்.

இது மேல்நாட்டுக்கு மட்டும் உரிய துறையல்ல. மீவிரைவு நிகழ்வுகளை ஆராயவென்றே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஒரு தேசிய மையம் அமைக்கப்பட்டது என்றதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மீண்டும் மின்னியது. "இப்ப உன் விழித்திரையில் ரெட்டினால் என்ற மூலக்கூறு வளைந்த நிலையிலிருந்து நிமிர்ந்தது. அதனால்தான் மின்னல் உனக்குத் தெரிஞ்சது," என்றேன்.

"அதையும் அளந்துட்டாங்களா?"

"1991லயே. பெர்க்லியில. அதுவும் 200 ஃபெம்டோ நொடிதான்."