முதலில் ஆர்.சி., பிறகு ஜி.பி.எஸ்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் நண்பரிடம் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. டிரைவர் இரவில் வண்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். கிலோமீட்டர் கணக்கு உதைக்கிறது. அவருக்குத் தெரியாமல் ஜி.பி.எஸ். டிராக்கரை எங்கே பொருத்தலாம்? சட்டப்படி தவறாகுமா?
- வாசகர், குத்தம்பாக்கம்

பதில்: சொந்தக் காரில் உரிமையாளர் டிராக்கர் பொருத்தக் கூடாது என்று தனிச் சட்டம் இல்லை. பெர்மிட்டில் ஓடும் பயணிகள் வாகனங்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 125எச் அதைக் கட்டாயமே ஆக்கியிருக்கிறது. ஆனால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் உரிமையாளர் ஆகவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(30)-ன்படி யார் பெயரில் பதிவோ அவரே உரிமையாளர். விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நவீன்குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. இரண்டு ஆண்டு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நாளை டிரைவர் காரோடு மறைந்தால், செல்போனில் தெரியும் புள்ளியைக் காட்டிப் புகார் கொடுப்பீர்கள். காவல் நிலையத்தில் முதலில் ஆர்.சி.யைத்தான் கேட்பார்கள். பாலிசியும் நண்பர் பெயரில் என்றால் இன்னும் மோசம். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு கூடவே வரும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு தானாக வராது என்பது கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கின் தீர்ப்பு. திருட்டு இழப்பீடும் அதில்தான் அடங்கும். விபத்து நடந்தால் உங்களை நம்பி வண்டியைக் கொடுத்த நண்பர் கோர்ட் படி ஏறுவார். இந்த அலட்சியத்துக்கு மன்னிப்பே இல்லை. படிவம் 29, 30-ல் நண்பரிடம் உடனே கையெழுத்து வாங்குங்கள். கடன் பாக்கி இருந்து அடைத்திருந்தால் படிவம் 35-ம் வங்கியின் என்.ஓ.சி.யும் வேண்டும்.

டிரைவருக்குத் தெரியாமல் பொருத்த வேண்டாம். ஜாமீனில் வந்தவரின் நடமாட்டத்தைக் கூகுள் மேப்பில் போலீஸ் தொடர்ந்து பார்க்கும்படியான நிபந்தனையே செல்லாது என்று ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பு உங்கள் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தாது என்றாலும், வம்பு எதற்கு? கருவி இருப்பதை எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பேச்சை ஒட்டுக்கேட்கும் மைக் உள்ள கருவி வேண்டவே வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, ஸ்டியரிங் அடியிலுள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகினால் எவரும் பிடுங்கிவிடலாம். இரும்புத் தகட்டுக்குள் மறைத்தால் சிக்னல் கிடைக்காது. டாஷ்போர்டு பிளாஸ்டிக்கின் பின்னால், ஏர்பேக்கை விட்டுத் தள்ளி, ஃபியூஸ் வழியாக இணைப்பதே நல்லது. ஒயரை வெட்டி ஒட்டவிடாதீர்கள். தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அதையே காரணம் காட்டலாம். பில்லில் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் வண்டி எண்ணும் இருக்கட்டும். சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-ன்படி சான்றிதழ் தர வேண்டும்.

உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல இயலாது. ஆர்.சி., டெலிவரி நோட், பணம் கொடுத்ததற்கான வங்கி ஆதாரம், பாலிசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பூந்தமல்லி நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பாருங்கள். அதுவரை அந்த டிரைவரிடம் இரவில் சாவியைக் கொடுக்காதீர்கள்.