மானிப்பாய் வளவுக்கு ஏற்ற விறகடுப்பு

2022ஆம் ஆண்டில் எரிவாயுச் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று களைத்து மீண்டும் விறகை நாடிய மானிப்பாய்க் குடும்பங்களுள், அதனை இன்றும் கைவிடாதவை உள. எவ்வடுப்பு உத்தமம் என்று வினவுவோர், தம் வளவில் எவ்விறகு கிடைக்கின்றது என்பதையும், எழும் புகைக்குப் போக்கிடம் உண்டா என்பதையும் முதலில் நிச்சயித்துக்கொள்ளல் அவசியம்.

நெல் அவிக்கும் கிடாரத்தையும் ஒடியற்கூழ்ப் பானையையும் தாங்குவதற்கு, முற்றத்தில் மூன்று கல் வைத்துக் கூட்டிய அடுப்பை விஞ்சியது வேறொன்றில்லை. காவோலை, பனைமட்டை, பொச்சுமட்டை எதனையும் தறிக்காமலே அதனுள் தள்ளலாம். நாள்தோறும் குசினிக்குள் மூட்டுவதற்கோ அது ஏற்றதன்று. நாற்புறமும் திறந்து கிடத்தலால், விறகின் வெப்பத்திற் பெரும்பங்கு பாத்திரத்தைச் சேராமலே விரயமாகின்றது.

நித்திய சமையலுக்கு நான் சொல்வது, 1980களில் நாடெங்கும் பரவத் தொடங்கிய அனகி அடுப்பையே. சுட்ட களிமண்ணாலான ஒரே உடலில் இரு வாய்கள் உடைய அதில், முன்வாயிற் சோற்றுப்பானையைத் தழுவிய சுவாலை, வீணே வெளியேறாது பின்வாய்க்குச் சென்று, அங்கு வைத்த கறியையும் மெல்ல வேகவைக்கும். வாங்கும்போது விரல்முட்டியால் தட்டிப் பார்த்து, கணீரென ஒலிப்பதையே எடுக்க; மழுங்கிய ஒலி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பையோ சூளையில் வேகாக்குறையையோ காட்டும். சுற்றிவரக் களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசாமல், வெறுந்தரையில் வைத்து எரித்துவிட்டு, உடைந்ததென்று குயவரை நோவதில் நியாயமில்லை. விறகைச் சிறிதாகப் பிளக்கவேண்டும் என்பதொன்றே அதன் சிரமம்.

மரக்காலைக்கு அண்மையில் வசிப்போருக்கு மரத்தூள் அடுப்பு மலிவு. தகரத்தின் நடுவே உருளைக்கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக இடித்து, கட்டையை உருவிய துவாரத்தில் மூட்டும் தீ பல மணி நேரம் நின்றெரியும். இடித்தது தளர்ந்திருப்பின் பாதியிற் சரிந்து புகையே மிஞ்சும். நிறமும் மணமுமற்ற கார்பன் மொனொட்சைட்டை அது வெளிவிடுமாதலால், பூட்டிய அறைக்குள் ஒருபோதும் மூட்டற்க.

வீட்டினுள் எரியும் இத்தகைய எரிபொருள்களின் புகையால் 2020இல் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மரித்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. முன்னோர் அடுப்புக்கு மேலே தவறாது எழுப்பிய புகைக்கூட்டை, எரிவாயுவை நம்பிப் புதுவீட்டிலே தவிர்ப்போரைக் காணுந்தோறும் மனம் வருந்துகிறது. கையிலுள்ள பணம் அடுப்புக்கோ புகைக்கூட்டுக்கோ ஒன்றுக்கே போதுமாயின், புகைக்கூட்டையே கட்டுக. பச்சை விறகின் பாரத்திற் பாதியளவு நீராக இருத்தலால், எவ்வடுப்பாயினும் அதனை ஏற்கமாட்டாது. பூவரசோ வேம்போ, தறித்ததைப் பிளந்து வெயிலிற் காயவிட்டு, ஐப்பசி மழைக்கு முன்னரே தாழ்வாரத்தில், தரை ஈரம் ஏறாதபடி அடுக்கிவிடுக.